வடிவமும் சுரப்பும்: அட்ரீனல் செல்லின் உள்சட்டகம்

அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசோலைச் சேமித்து வைப்பதில்லை. கணையம் இன்சுலினையும் தைராய்டு தைராக்சினையும் முன்கூட்டியே தயாரித்துக் கையிருப்பாக வைத்திருக்கின்றன. வேண்டும்போது வெளியே விட்டால் போதும். கார்ட்டிசோலுக்கு அந்த வசதி கிடையாது. அது கொழுப்பில் கரையும் பொருள், செல்லின் சவ்வு அதைத் தடுத்து நிறுத்தாது. உருவானதும் கசிந்து இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவே பிட்யூட்டரியிலிருந்து ஏசிடிஎச் ஹார்மோன் வந்து தட்டும்போது, கூடுதலாகத் தேவைப்படும் கார்ட்டிசோல் முழுவதையும் செல் அப்போதுதான் தயாரிக்க வேண்டும். சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் அளவு ஏறவும் செய்கிறது. இத்தனை விரைவு எப்படிச் சாத்தியம் என்று கேட்டால், உயிர்வேதியியல் பாடநூல்கள் நொதிகளின் வரிசையைக் காட்டும். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். நொதி இருக்கும் இடத்துக்கு மூலப்பொருளைக் கொண்டுசேர்ப்பது எது என்பது மறுபாதி. நெடுங்காலம் ஓரத்தில் கிடந்த அந்த மறுபாதியில்தான் இந்தச் சுரப்பியின் இயல்பும், அதில் வரும் புற்றுநோயின் போக்கும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

சிறுநீரகங்களின் உச்சியில் அமர்ந்திருக்கும் இந்த இரட்டைச் சுரப்பிகள் ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான் இருக்கும். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் இவை கெட்டுப்போனவர்களின் தோல் கறுப்பதையும் உடல் தளர்ந்து இறப்பதையும் விவரித்தார். மறு ஆண்டே பிரௌன்-செக்கார், இவற்றை அகற்றிவிட்டால் விலங்குகள் பிழைப்பதில்லை என்று காட்டினார். வெட்டிப் பார்த்தால் உள்ளே உண்மையில் இரண்டு சுரப்பிகள் இருக்கும். வெளியே மஞ்சள் நிறப் புறணி. அதன் மூன்று அடுக்குகளும் முறையே அல்டோஸ்டிரோன், கார்ட்டிசோல், ஆண்மை ஹார்மோன்களின் முன்னோடிப் பொருள்கள் ஆகியவற்றைத் தருகின்றன. நடுவே மெடுல்லா, இது அட்ரினலினைச் சுரக்கிறது. புறணிக்கு மஞ்சள் நிறம் தருவது கொழுப்பு. கார்ட்டிசோல் செய்யும் செல்லின் உட்புறம் கொலஸ்டிரால் எஸ்டர்கள் நிரம்பிய கொழுப்புத் துளிகளால் அடைந்து கிடக்கும். மூலப்பொருள் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கொலஸ்டிரால் கார்ட்டிசோல் ஆவதற்கு முன் செல்லுக்குள் அலைய வேண்டியிருக்கிறது. கொழுப்புத் துளியை விட்டு முதலில் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குப் போக வேண்டும். அங்கே பக்கச் சங்கிலி வெட்டப்பட்டு பிரெக்னெனோலோன் ஆகிறது. பிறகு எண்டோபிளாச வலைக்கு வந்து மூன்று மாற்றங்களுக்கு உள்ளாகிறது. கடைசி மாற்றத்துக்கு மறுபடியும் மைட்டோகாண்ட்ரியாவுக்கே திரும்ப வேண்டும். ஒரே ஒரு மூலக்கூறுக்காக இரண்டு உள்ளுறுப்புகளுக்கு இடையே இத்தனை நடை. இந்தப் பயணத்தின் முதல் கட்டம், அதாவது கொலஸ்டிரால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைச் சென்றடைவதுதான், மொத்த உற்பத்தியின் வேகத்தையும் தீர்மானிக்கிறது.

1994இல் டக்ளஸ் ஸ்டோக்கோவின் குழு ஸ்டார் என்ற புரதத்தைக் கண்டறிந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலிருந்து உட்சவ்வுக்குக் கொலஸ்டிராலைக் கடத்துவது இதுதான். இதன் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளின் அட்ரீனல், கொழுப்பால் வீங்கிப்போய், ஹார்மோன் சுரக்க முடியாமல் நின்றுவிடுகிறது. அடுத்த ஆண்டே வெளியான இந்தச் சான்று அந்தப் புரதத்தின் இடத்தை உறுதிசெய்தது. அதன் பிறகு துறையின் கவனம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. ஆனால் ஸ்டார் கடத்திவிடுவது இரண்டு சவ்வுகளுக்கு இடையிலான சிறு தூரம் மட்டுமே. கொழுப்புத் துளியிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் வாசல்வரை இருக்கும் தூரத்துக்கு அது விடையல்ல. அந்த விடையைத் தேடியவர்கள் அதற்கு 20 ஆண்டுகள் முன்பே செல் சட்டகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

செல் சட்டகம் என்பது மூன்று வகைப் புரத இழைகளின் பின்னல். ஆக்டின் இழைகள் மிக மெல்லியவை, சுமார் 7 நானோமீட்டர் தடிமன். 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. இரண்டுக்கும் நடுவில், 10 நானோமீட்டர் அளவில், இடைநிலை இழைகள். அட்ரீனல் புறணியில் இவற்றுள் முக்கியமானது விமென்டின். சட்டகம் என்றதும் எலும்பு போல அசையாத ஒன்று மனதில் தோன்றலாம். ஆக்டினும் நுண்குழலும் அப்படியில்லை. ஒரு முனையில் சேர்ந்துகொண்டும் மறுமுனையில் உதிர்ந்துகொண்டும் எந்நேரமும் தம்மைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை அவை. நுண்குழல்கள் தண்டவாளம் போல நீண்டு கிடக்க, கைனசின், டைனீன் என்னும் இயக்குப் புரதங்கள் உள்ளுறுப்புகளைச் சுமந்துகொண்டு அவற்றின்மேல் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன.

1966இல் சுண்டெலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்ட ஒய்-1 என்ற செல் வரிசை இந்த ஆய்வுகளுக்கெல்லாம் ஆதாரமாக அமைந்தது. வளர்ப்புத் தட்டின் அடியில் ஒய்-1 செல்கள் தட்டையாக, கைகால்களைப் பரப்பிப் படுத்திருக்கும். ஃபுளோரசென்ட் சாயமிட்டுப் பார்த்தால் ஆக்டின் கற்றைகள் செல்லின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பது தெரியும். தட்டில் ஏசிடிஎச் ஊற்றியதும் காட்சி மாறத் தொடங்குகிறது. கற்றைகள் தளர்ந்து கலைகின்றன. தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒட்டுமுனைகள் விடுபடுகின்றன. ஓரங்கள் உள்வாங்கி, செல் மெல்லப் பந்தாக உருண்டுவிடுகிறது. ஏசிடிஎச் கொடுத்த சமிக்ஞை சைக்ளிக் ஏஎம்பி வழியாகப் புரத கைனேஸ்-ஏ என்ற நொதியைத் தூண்டுகிறது. அதன் விளைவாக ஒட்டுமுனைகளில் உள்ள பாக்சிலின் புரதத்திலிருந்து பாஸ்பேட்டுகள் நீக்கப்படுவதால்தான் பிடி தளர்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. அதே புரத கைனேஸ்-ஏதான் கார்ட்டிசோல் உற்பத்தியையும் முடுக்குகிறது.

இந்த உருளல் வெறும் உடன்விளைவா, உற்பத்தியில் அதற்கும் பங்கு உண்டா? பீட்டர் ஹாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களின் நடுவிலிருந்து இந்தக் கேள்வியை விடாமல் துரத்தினார்கள். ஆக்டின் இழைகள் சேர்வதைத் தடுக்கும் சைட்டோகலாசின் என்ற பூஞ்சை நஞ்சைக் கொடுத்தபோது, ஏசிடிஎச் இருந்தும் ஸ்டீராய்டு உற்பத்தி எழவில்லை. கொலஸ்டிரால் மைட்டோகாண்ட்ரியாவை எட்டவில்லை. நஞ்சு வேறு எதையாவது கெடுத்திருக்கலாம் என்ற நியாயமான ஐயத்துக்குப் பதிலாக அவர்கள் இன்னொரு சோதனை செய்தார்கள். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ்-1 என்ற நொதிக்கு, உதிரி ஆக்டினை இறுகப் பற்றிக்கொள்ளும் குணமும் உண்டு. அதைச் செல்லுக்குள் செலுத்தியபோதும் முடிவு மாறவில்லை. பிறகு எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். செல் ஒட்டமுடியாத பாலிமர் பூச்சு ஒன்றைத் தட்டில் தடவி, ஒய்-1 செல்களை அதன்மேல் வளர்த்தார்கள். ஒட்ட இடமில்லாததால் அவை தாமாகவே உருண்டையாக இருந்தன, ஸ்டீராய்டு உற்பத்தியும் கூடியது. செல்லின் வடிவத்தை மாற்றினாலே அதன் வேதியியல் மாறுகிறது என்பதை இவ்வளவு எளிய பொருள்களைக் கொண்டு காட்டிய சோதனைகள் அதிகம் இல்லை. இது பரவலாக மேற்கோள் காட்டப்படாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஹாலின் குழு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ட இன்னொன்று, கொழுப்புத் துளிகளும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரே இடைநிலை இழைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. சேமிப்பையும் ஆலையையும் அருகருகே நிறுத்தி வைப்பது விமென்டின்தானோ என்ற ஊகம் அங்கிருந்து எழுந்தது. ஆனால் 1994இல் பாரிஸில் விமென்டின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் பிறந்தபோது, அவை சாதாரணமாக வளர்ந்து குட்டியும் போட்டன. வெளிப்படையான குறை எதுவும் தென்படவில்லை. விமென்டின் இல்லாமலும் காலம் தள்ளலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் பரவியது. 2012இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிரெட்ரிக் கிரேமர், சல்மான் அசார் ஆகியோரின் குழு அதே வகைச் சுண்டெலிகளின் அட்ரீனலையும் சினைப்பையையும் குறிப்பாகச் சோதித்தது. ஸ்டீராய்டு உற்பத்தி குறைந்திருந்தது. கொலஸ்டிரால் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேர்வதில்தான் கோளாறு. சரியான உறுப்பைச் சரியான தூண்டுதலோடு பார்க்கும்வரை அந்தக் குறை 18 ஆண்டுகள் கண்ணில் படவில்லை.

நுண்குழல்களின் பங்கு இன்னும் சிக்கலானது. 1967இல் சிகாகோவில் போரிசியும் டெய்லரும் டியூபுலினைக் கண்டுபிடித்தது கோல்கிசின் என்ற நஞ்சு எதில் போய் ஒட்டுகிறது என்று தேடியதால்தான். நம்மூர்ச் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு இதுவே. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் விதைக்காக இதைப் பயிரிடுவது மருந்து நிறுவனங்கள் கோல்கிசின் எடுப்பதற்காக. அந்த நஞ்சு டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் வளரவிடாமல் தடுக்கிறது. 1973இல் டெம்பிளும் வூல்ஃபும் கோல்கிசினை ஒய்-1 செல்களுக்குக் கொடுத்தபோது ஸ்டீராய்டு சுரப்பு குறைவதற்குப் பதில் அதிகரித்தது. வேறு ஆய்வகங்களில், வேறு விலங்குகளின் செல்களில், வேறு முடிவுகள் வந்தன. முரண்பாடு என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது எளிது. நுண்குழல் சிதையும்போது ஆக்டினைக் கட்டுப்படுத்தும் ரோ என்ற புரதமும் விழித்துக்கொள்கிறது, செல்லின் வடிவமும் மாறுகிறது. ஒரு இழையை மட்டும் தனியே தொட முடியாது என்பதே அந்த முரண்பாடுகளுக்குள் இருந்த செய்தி. மேரியன் சூவர் 2010இல் மனித அட்ரீனல் புற்றுச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் நகர்வையே நேரடியாகப் படம்பிடித்தார். சைக்ளிக் ஏஎம்பி கூடியதும் அவை நுண்குழல்கள்மேல் விரைந்து நகர்ந்தன. ரோவோடு சேர்ந்து இயங்கும் டயாஃப்-1 என்ற புரதத்தைக் குறைத்தபோது நகர்வு மந்தமானது, கார்ட்டிசோலும் குறைந்தது.

மெடுல்லாவில் சட்டகத்தின் பணி நேர்மாறானது. அட்ரினலின் நீரில் கரையும் பொருள், முன்கூட்டியே செய்து துகள்களில் அடைத்து வைக்கப்படுகிறது. மெடுல்லாவின் சுரக்கும் செல்லான குரோமாஃபின் செல் ஒன்றில் அப்படிச் சுமார் 20,000 துகள்கள் இருக்கும். அவற்றுள் உடனடியாக வெளியேறும் நிலையில் இருப்பவை மிகச் சிலவே. மீதியைத் தடுத்து வைப்பது செல் சவ்வுக்குச் சற்று உள்ளே சுற்றிலும் அடர்ந்திருக்கும் ஆக்டின் வலை. ஆக்டினில் ஒட்டும் ஃபலாய்டின் சாயமிட்டால், ஓய்ந்திருக்கும் செல்லின் விளிம்பில் அது இடைவெளி இல்லாத ஒளிவளையமாகத் தெரியும். நரம்பின் தூண்டலுக்கு ஈடாக நிகோடினைக் கொடுத்தால், கால்சியம் உள்ளே பாய்ந்து, நொடிகளில் வளையம் ஆங்காங்கே அறுபடுகிறது. அறுபட்ட இடங்களை ஒட்டித்தான் துகள்கள் சவ்வோடு இணைந்து உள்ளடக்கத்தைக் கொட்டுகின்றன. கால்சியம் வந்ததும் ஆக்டினை வெட்டும் ஸ்கின்டெரின் என்ற புரதத்தை மாட்டு அட்ரீனலிலிருந்து பிரித்தவர் ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஹோசே-மரியா டிரிஃபாரோ. ஒரே சுரப்பிக்குள் புறணியில் கொண்டுசேர்க்கும் சட்டகம், மெடுல்லாவில் பிடித்து நிறுத்தும் சட்டகம். இரண்டிலும் ஹார்மோனுக்கு வழிவிடும் தருணம் ஆக்டின் தன் பின்னலை மாற்றும் தருணமே.

புற்றுநோய்க்கு வருவோம். அட்ரீனல் புறணிப் புற்று அரிதானது, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும். ஆனால் பரவிவிட்டால் கையிலிருக்கும் மருந்துகள் மிகக் குறைவு. 1970 முதல் பயன்பாட்டில் இருக்கும் மைட்டோட்டேன், பூச்சிக்கொல்லி டிடிடியின் நெருங்கிய உறவுப் பொருள். 1949இல் நாய்களின் அட்ரீனல் புறணியை அது அழிப்பதைத் தற்செயலாகக் கண்டார்கள். 2012இல் வெளியான பெரிய பன்னாட்டுச் சோதனையில் 304 நோயாளிகள் பங்கேற்றனர். மைட்டோட்டேனோடு ஒரே ஒரு கீமோ மருந்தைச் சேர்த்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலம் 2.1 மாதம், மூன்று மருந்துகளைச் சேர்த்தபோது அது 5 மாதமாகக் கூடியது. உயிர்வாழும் காலத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. இந்த எண்களை எழுதும்போதே மனம் கனக்கிறது.

நுண்குழலைத் தாக்கும் புற்று மருந்துகள் நிறையவே உண்டே என்று கேட்கலாம். நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், யூ மரத்திலிருந்து வந்த பாக்லிடாக்சல் போன்றவை வேறு பல புற்றுகளில் பேருதவி செய்கின்றன. அட்ரீனல் புறணியில் ஒரு தடை இருக்கிறது. பி-கிளைக்கோபுரதம் என்ற வெளியேற்றும் பம்பு, ஆரோக்கியமான அட்ரீனலிலேயே மிக அதிக அளவில் இருக்கிறது என்று 1987இலேயே தெரிந்துவிட்டது. நுண்குழல் மருந்துகள் பலவற்றை அது உள்ளே வந்த வேகத்தில் வெளியே தள்ளிவிடும். சுரப்பியின் இயல்பே நோய்க்குக் கவசமாகிவிடுகிறது.

அதே இயல்பு வேறொரு வழியிலும் நோய்க்குத் துணை போகிறது. 1992இல் கெய்த் பார்க்கரும் கென்-இச்சிரோ மொரோஹாஷியும் தனித்தனியே கண்டறிந்த எஸ்எஃப்-1 என்ற புரதம், ஸ்டீராய்டு செய்யும் நொதிகளின் மரபணுக்களை இயக்குகிறது. இது இல்லாத சுண்டெலிக்கு அட்ரீனலே உருவாவதில்லை. அட்ரீனலை அட்ரீனலாக்கும் புரதம் என்றே இதைச் சொல்லலாம். தெற்குப் பிரேசிலில், பரானா மாநிலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும், குழந்தைகளுக்கு அட்ரீனல் புறணிக் கட்டி உலகச் சராசரியைவிடப் பத்திலிருந்து பதினைந்து மடங்கு வரை அதிகம். டிபி53 மரபணுவில் தலைமுறைகளாகக் கைமாறி வந்த ஒரு குறிப்பிட்ட மாற்றமே இதற்குக் காரணம். அங்கே 1,70,000க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பேரிடம் அது இருந்தது. அந்தக் குழந்தைகளின் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் எஸ்எஃப்-1 மரபணுவின் படிகள் பெருகியிருந்தன.

எஸ்எஃப்-1 அளவுக்கு மீறினால் என்ன ஆகிறது என்பதைப் பிரான்சின் நீஸ் நகருக்கு அருகே வால்போனில் என்சோ லாலியும் கார்மென் ருஜ்ஜியேரோவும் தேடினார்கள். 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவு செல் சட்டகத்தில் போய் நின்றது. எஸ்எஃப்-1 மிகும்போது வேவ்2 என்ற புரதம் மிகுகிறது. அது ரேக்-1, சிடிசி42 ஆகிய இரண்டு விசைகளை இயக்குகிறது. அவை செல்லின் விளிம்பில் ஆக்டினைப் புதிதாகப் பின்னவைத்து, தட்டையான நீட்சிகளையும் விரல் போன்ற நீட்சிகளையும் வெளியே தள்ளுகின்றன. செல் தன் இடத்தை விட்டு நகர்ந்து சுற்றியுள்ள திசுவைத் துளைக்கிறது. வேவ்2 அதிகமாக உள்ள கட்டிகளைக் கொண்ட நோயாளிகளின் ஆயுள் குறைவு என்று அதே ஆண்டில் வெளியான மற்றொரு ஆய்வு காட்டியது. அட்ரீனல் என்ற அடையாளத்தை வழங்கும் புரதமே, அளவு கூடினால், அந்தச் செல்லை நாடோடியாக்குகிறது. இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்தவற்றுள் எனக்கு மிக ஆழமாகப் பட்ட கண்டுபிடிப்பு இதுதான்.

ஃபுளோரன்சில் மிக்கேலா லுக்கோனியின் குழு ஃபாசின்-1ஐ எடுத்துக்கொண்டது. தனித்தனி ஆக்டின் இழைகளை இறுக்கமான கற்றையாகக் கட்டி, விரல் போன்ற நீட்சிக்கு விறைப்புத் தருவது ஃபாசின். புறணிப் புற்றில் அதன் அளவு கூடுதலாக இருந்தால் நோய் ஊடுருவிப் பரவும் போக்கும் கூடுதல் என்று 2019இல் எழுதினார்கள். பீட்டா-கேட்டெனின் என்ற புரதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தப் புற்றில் அடிக்கடி மாற்றமடையும் மரபணுக்களில் ஒன்று இதனுடையது. உட்கருவுக்குள் புகுந்து பெருக்கத்தைத் தூண்டுவது என்றே இதைப் பொதுவாக அறிமுகப்படுத்துவார்கள். அதே புரதம் சவ்வருகே இருக்கும்போது, பக்கத்துச் செல்லைப் பற்றியிருக்கும் கேட்ஹெரினை ஆக்டின் சட்டகத்தோடு இணைக்கும் கண்ணியாகவும் இருக்கிறது. மெடுல்லாவில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியிலும், எஸ்டிஹெச்பி மரபணு பழுதான, பரவும் தன்மையுள்ள வகையில், செல்கள் பிடியைத் தளர்த்தி நகரும் குணத்துக்கு மாறுவதற்கான மரபணுத் தடங்கள் தெரிகின்றன.

இங்கே ஆய்வகங்களைப் பற்றி ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். புற்று பற்றிய இந்த முடிவுகளில் பலவும் எச்295ஆர் என்ற ஒரே ஒரு மனிதப் புற்றுச் செல் வரிசையை, கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்துப் பெற்றவை. உடலுக்குள் அந்தச் செல் இருப்பது மென்மையான திசுவில், எல்லாப் பக்கமும் அண்டைச் செல்கள் சூழ. பூச்சு ஒன்றைத் தடவியதாலேயே ஸ்டீராய்டு அளவு மாறியதை ஹால் காட்டியிருக்கும்போது, தட்டின் கடினம் ஆக்டினையும் அதன்வழி ஹார்மோனையும் ஏற்கெனவே மாற்றியிருக்கும் என்று கருதித்தான் எந்த அளவீட்டையும் படிக்க வேண்டும். முப்பரிமாண வளர்ப்பும், நோயாளியின் கட்டியிலிருந்து நேரடியாக எடுத்த செல்களும் இப்போது புழக்கத்துக்கு வருவது ஆறுதல்.

மருந்து என்ற திசையில் பார்த்தால், ஆக்டினையோ டியூபுலினையோ ஒட்டுமொத்தமாகத் தாக்குவது பயன்படாது; ஆக்டின் இல்லாமல் இதயமும் துடிக்காது. அவற்றை ஒழுங்குபடுத்தும் புரதங்களில் புற்றுச் செல் அளவுக்கு மீறிச் சார்ந்திருப்பது எது என்பதே தேடல். ஃபாசினைத் தடுக்கும் ஜி2 என்ற சேர்மத்தை லாலி, லுக்கோனி குழுக்கள் அட்ரீனல் புற்றுச் செல்களில் சோதித்தன. வரிக்குதிரை மீனின் ஒளி ஊடுருவும் குஞ்சுகளில் அந்தச் செல்களைச் செலுத்தி, அவை வால் பக்கம் பரவுவதை உயிரோடிருக்கும்போதே நுண்ணோக்கியில் எண்ண முடிகிறது. தடுப்பானைக் கொடுத்த மீன்களில் பரவல் குறைந்தது. கட்டியைச் சுருக்குவதைவிட நகரவிடாமல் செய்வதே இத்தகைய மருந்தின் வேலை. அதனால் அறுவை முடிந்த கையோடு, பரவல் தொடங்கும் முன், மைட்டோட்டேனோடு சேர்த்துத் தருவதே பொருத்தமாக இருக்கும் என்பது என் கணிப்பு. மைட்டோட்டேனும் கொழுப்புத் துளியில் கொலஸ்டிராலைச் சேமிக்கும் நொதியைத் தடுத்துத்தான் அந்தச் செல்லைக் கொல்கிறது என்று 2015இல் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் காட்டியிருப்பதால், இரண்டும் சேரும்போது என்ன நிகழும் என்பது தனியே ஆராய வேண்டியது. ஃபாசின் நரம்பு செல்களிலும், நோயெதிர்ப்பில் பங்கேற்கும் டென்டிரிட்டிக் செல்களிலும் இயல்பாகவே இருக்கிறது. மனிதர்களுக்கான அளவை நிர்ணயிக்கும் முன் இந்த இரண்டு இடங்களிலும் அதைத் தடுப்பதன் விளைவைப் பார்த்தாக வேண்டும்.